ஒற்றைக் கிண்ணத் திருவிருந்துப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து ஆலயத்தில் நாங்கள் பகிர்வது திருவிருந்து. அதற்கான அப்பத்தையும் திராட்சைரசத்தையும் ஒரே பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் லுத்தரன் சபை சென்ற ஆண்டு பெரிய வியாழனுக்காக, அதாவது அந்தக் கடைசி விருந்தை நினைக்கும் புனித வெள்ளிக்கு முந்தின நாளுக்காக, அதை வாங்கியது. 100 கிண்ணங்கள் கொண்ட பெட்டிகள் இரண்டு. அனுப்பும் செலவையும் சேர்த்தால் ஒன்றுக்கு 14 ரூபாய் விழுந்தது. பீடத்தை ஆயத்தப்படுத்தும் வேலையை 22 ஆண்டுகளாக நான் செய்து வருவதால் பெட்டியைப் பிரித்ததும் நான், காலிக் கிண்ணங்களைப் பொறுக்கியதும் நான்.

கிண்ணம் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அடியில் ரசம், அதன்மேல் அலுமினியத் தாள். அந்தத் தாளின்மேல் ஐந்து ரூபாய் நாணய அகலத்தில் மெல்லிய அப்பம், அதன்மேல் கண்ணாடி போன்ற இன்னொரு தாள். மேல்தாளை உரித்து அப்பத்தை உண்ண வேண்டும், பிறகு அலுமினியத் தாளை உரித்து ரசத்தைப் பருக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் வெயிலில் லாரியில் வந்த 200 கிண்ணங்களில் ஒன்றுகூடக் கசியவில்லை. அப்பம் நமத்துப்போகவில்லை. வழக்கமாக எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் ஆயத்தம் அன்று இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வாங்கியதற்கான காரணமும் நியாயமானது. கொரோனாவுக்குப் பிறகு ஒரே பாத்திரத்தில் பருக அஞ்சி, ஆராதனைக்கு வந்தும் திருவிருந்துக்கு எழுந்து வராத குடும்பங்கள் எங்களிடம் இருந்தன. அவர்களில் மூன்று குடும்பங்கள் அன்று வந்தன. அதற்காகவே நான் மகிழ்ந்தேன்.

ரசத்தின் சுவை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பெண்கள் சங்கத்தார் பன்னீர் திராட்சையை வாங்கிக் கழுவி, கொட்டையோடு கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். அந்த ரசத்தில் புளிப்பும் துவர்ப்பும் இருக்கும். இதில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்தின் இனிப்பு.

ஆனால் இந்தப் பொருளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது சுவைக்காக அல்ல. பெரிய வியாழன் இரவு எங்கள் ஆலயத்தில் ஆண்டிலேயே மிக அமைதியான ஆராதனை. ஆர்மோனியம்கூட மெல்ல ஒலிக்கும். அந்த அமைதியில் 118 பேர் ஒரே நேரத்தில் தாளை உரிக்கும் ஓசையை நினைத்துப் பாருங்கள். ஓலைக் கூரையில் மழை இறங்கியது போல இருந்தது. போதகர் ஐயா ஆராதனை முறைமையை நிறுத்திவிட்டு, "முதலில் மேல்தாளை மட்டும் உரியுங்கள்" என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் சிறுவர்கள் இரண்டு தாளையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். பாடகர் குழுவில் ஓர் அக்காவின் வெள்ளைப் புடவை முழுவதும் ஊதாப் புள்ளிகள். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள். அதில் தவறில்லை, ஆலயத்தில் சிரிப்பு எழுவது எனக்குப் பிடிக்கும்.

என் பக்கத்தில் 81 வயதுப் பாட்டி ஒருவர். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிவிட்டன. கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் உரித்து அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் உண்ணவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "வெறுமனே வைக்காதே அம்மா, சொல்லிவிட்டுக் கொடு" என்றார். எனக்கு ஒரு கணம் நாக்கு எழவில்லை. பிறகு, "கிறிஸ்துவின் சரீரம், உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, பாட்டி" என்றேன். அவர் கண்களை மூடிக்கொண்டு உண்டார்.

பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் நான் அவர்களுக்கு மனப்பாடம் செய்விப்பதைத்தான் பாட்டி கேட்டார். எங்கள் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் கேள்வி-பதிலாக எழுதிய போதனை நூலான சிறு ஞானோபதேசத்தை, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்தார். திருவிருந்தைப் பற்றிய பகுதியில் லுத்தர் அழுத்திப் பிடிக்கும் சொல் 'உங்களுக்காக' என்பதுதான். உண்பதாலும் பருகுவதாலும் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது, அதோடு வரும் வார்த்தையும் அந்த வார்த்தையை நம்பும் இருதயமும் வேண்டும் என்கிறார். அதே 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், அப்பம் ஓர் அடையாளம் மட்டுமே என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியோடு வாதிட உட்கார்ந்தபோது, 'இது என்னுடைய சரீரமாயிருக்கிறது' என்ற வசனத்தை லத்தீனில் சாக்கட்டியால் மேசைமேல் எழுதிவைத்துக்கொண்டு அதைவிட்டு இம்மியும் நகரவில்லை. மறு ஆண்டு லுத்தரன் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 22-ஆம் பிரிவு, குருமார் மட்டுமே பருகிவந்த பாத்திரம் சபையார் அனைவருக்கும் உரியது என்று வாதாடியது. அப்படிப் போராடிப் பெற்ற பாத்திரத்தை ஒருவர் கையால் இன்னொருவர் வாங்குகிறோம். இருக்கையில் உட்கார்ந்தபடி நானே உரித்து நானே எடுத்துக்கொள்ளும்போது அந்தக் கொடுக்கும் கை காணாமல் போகிறது. பெட்டியின்மேல் அச்சிட்ட உபயோகக் குறிப்பில் உரிப்பது எப்படி என்று மூன்று படம் இருக்கிறது. கொடுப்பவர் எந்தப் படத்திலும் இல்லை.

எங்கள் வழக்கம் வேறு. அணி அணியாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்காற்படியிடுவோம். சம்பளக்காரரும் கூலிக்காரரும் பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகளும் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டே ஆக வேண்டும். போதகர் ஒவ்வொருவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லி, கையில் கொடுத்து, அணியை ஆசீர்வதித்து அனுப்புவார். சிறு பிள்ளைகள் தலையில் கை வைக்கப்படுவதற்காகவே அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இருக்கையிலேயே முடிந்துபோன அந்த இரவில் ஒரு பிள்ளையின் தலையிலும் கை படவில்லை.

இன்னொரு குறை, மிச்சம். ஆராதனைக்குப் பின் மீந்த ரசத்தைப் பருகிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிய நீரை ஆலயத்து வேம்பின் அடியில் ஊற்றுவேன். அன்று 118 கிண்ணங்களில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளி நின்றது. அப்படியே குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. நானும் என் மகளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவி முடிக்கும்போது மணி பதினொன்று.

நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது மட்டும் இதே கிண்ணம் அருமையாக உதவுகிறது. முன்பு சிறு புட்டி, டப்பா, துணி என்று போதகர் ஐயாவின் பை கனக்கும். இப்போது இரண்டு கிண்ணங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். மருத்துவமனைச் செவிலியரும் முத்திரை உடையாத கிண்ணம் என்றால் தயங்காமல் அனுமதிக்கிறார்கள். அங்கே உரிப்பவர் அவர், சொல்பவர் அவர், கொடுப்பவர் அவர். படுக்கையில் இருப்பவருக்கு எதுவும் குறையவில்லை.

ஆலயத்துக்கு நாங்கள் சிறிய எவர்சில்வர் கிண்ணங்கள் வாங்கிவிட்டோம். பீடத்தருகே ரசத்தை ஊற்றி, கையில் கொடுத்து, பிறகு வெந்நீரில் போட்டு எடுக்கிறோம். அந்த மூன்று குடும்பங்களும் இப்போது முழங்காற்படியிட வருகிறார்கள். எனக்கு மறுபடியும் இரண்டு மணி நேர வேலை, சந்தோஷமாகச் செய்கிறேன்.

ஆகவே சபை முழுவதற்கும் இதை வாங்காதீர்கள். நோயாளிகளுக்காக என்றால் கிடைப்பதில் மிகச் சிறிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். எங்கள் அலமாரியில் இன்னும் 31 கிண்ணங்கள் இருக்கின்றன. ஆறு வாரத்துக்குள் செலவழித்தாக வேண்டும்.