ரைக்கார்ட் கொடுத்த பந்து: இளையவர்களா, மூத்தவர்களா?

1995 மே 24, வியன்னா. ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் அயாக்ஸும் இத்தாலியின் மிலானும் கோல் எதுவுமின்றி 85ஆவது நிமிடத்தை எட்டியிருந்தன. அப்போது அயாக்ஸின் பிராங்க் ரைக்கார்ட் பந்தை முன்னே தள்ளிக் கொடுத்தார். மிலானின் தற்காப்பைப் பிளந்துகொண்டு பாய்ந்த பாட்ரிக் கிளைவர்ட் அதைக் கோலாக்கினார். கொடுத்தவருக்கு 32 வயது, அடித்தவருக்கு 18. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே மைதானத்தில், இதே கோப்பைக்காக, மிலானின் வெற்றி கோலை அடித்தவர்தான் ரைக்கார்ட். 1995இன் அந்தப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஒரு கழகம் இளைஞர்களை வளர்க்க வேண்டுமா, அனுபவசாலிகளை நம்ப வேண்டுமா என்ற வாதம் எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பந்துதான். மூத்தவர்களே போதும் என்ற தரப்பின் வாதத்துக்கும் மிலானே போதும். 2007இல் ஏதென்சில் இங்கிலாந்தின் லிவர்பூலை 2-1 என்று வென்று கோப்பையை ஏந்திய மிலான் அணியில் முதல் பதினொருவரில் காகாவைத் தவிர 28 வயதுக்குக் குறைந்தவர் எவருமில்லை. அணித்தலைவர் பாவ்லோ மால்டினிக்கு 38 வயது. இரண்டு கோல்களையும் அடித்த இன்சாகிக்கு 33.

முதலில் அயாக்ஸ். பயிற்சியாளர் லூயி வான் ஹாலின் அந்த அணியில் ரைக்கார்டையும் 33 வயது டேனி பிளிண்டையும் விட்டால் 25 வயதைத் தாண்டியவர் யாருமில்லை. சீடார்ஃப், டேவிட்ஸ், ரைசிகர், டி போர் இரட்டையர் எல்லாரும் கழகத்தின் சொந்தக் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அங்கே சிறுவர் அணி தொடங்கி முதன்மை அணி வரை ஆட்ட முறை ஒன்றே. அதனால் பதினெட்டு வயதில் மேலே வருகிறவருக்கு எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. விலைக்கு வாங்கிவந்த நட்சத்திரத்துக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை.

இளைஞர் அணிக்கு உண்மையான ஆபத்து மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. 1995 டிசம்பரில், போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுக் கட்டணம் இல்லாமல் வேறு கழகத்துக்குப் போகலாம் என்றானது. தீர்ப்பு நியாயமானது, தொழிலாளியின் உரிமை அது. ஆனால் அயாக்ஸ் சிதறிப்போனது. டேவிட்ஸும் ரைசிகரும் 1996இல், கிளைவர்ட் 1997இல், கட்டணமே இல்லாமல் மிலானுக்குப் போனார்கள். வியன்னாவில் தோற்ற அதே மிலானுக்கு! 2019இல் 19 வயது டி லிக்ட் தலைமையில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்த அயாக்ஸ் அணிக்கும் அதே கதிதான். இந்த முறை டி லிக்ட்டும் டி யோங்கும் ஆளுக்கு 75 மில்லியன் யூரோவைக் கழகத்துக்கு ஈட்டித் தந்துவிட்டுப் போனார்கள் என்பது மட்டுமே ஆறுதல்.

அந்த 2019 அரையிறுதியைத்தான் மூத்தவர் கட்சிக்காரர்கள் எடுத்து நீட்டுவார்கள். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-0 என்று முன்னிலையில் இருந்த அயாக்ஸ், இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்காக லூக்காஸ் மௌரா அடித்த மூன்று கோல்களில் 3-3 என்று சமனாகி, வெளியூரில் அடித்த கோல்களின் கணக்கில் வீழ்ந்தது. கடைசி கோல் 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களின் விளிம்பில் விழுந்தது. “அனுபவம் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?” என்பார்கள். நடக்கும். 2005இல் இஸ்தான்புல்லில் இடைவேளைக்கு 3-0 என்று முன்னே நின்ற மிலான், லிவர்பூலிடம் ஆறே நிமிடங்களில் மூன்று கோல் வாங்கி, பெனால்டியில் கோப்பையை இழந்தது. அந்த மிலானில் மால்டினி, காஃபூ, ஸ்டாம், நெஸ்டா எல்லாரும் ஆடினார்கள். பதற்றத்துக்கு வயது தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனாலும் மூத்தவர்களின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. முப்பது வயதைக் கடந்தவரைக் கிழவர் என்று ஒதுக்குவது அறியாமை. 2011இல் 32 வயது பிர்லோவுக்கு மிலான் விடைகொடுத்தது. அவரை வைத்துக்கொண்டு யுவென்டஸ் தொடர்ந்து நான்கு முறை இத்தாலியப் பட்டத்தை வென்றது. கால் வேகம் குறைந்தாலும், பந்து வருவதற்குள் அடுத்த இரண்டு நகர்வுகளைப் பார்த்துவிடும் கண் குறைவதில்லை.

மிலானின் பிழை மூத்தவர்களை வைத்திருந்தது அல்ல. அவர்களுக்குக் கீழே யாரையும் வளர்க்காமல் விட்டதுதான். 2012 கோடையில் நெஸ்டா, கட்டூசோ, இன்சாகி, சீடார்ஃப் எல்லாரும் ஒருசேரக் கிளம்பினார்கள். இப்ராகிமோவிச்சும் தியாகோ சில்வாவும் பாரிஸ் கழகத்துக்கு விற்கப்பட்டார்கள். 2014 முதல் ஏழு பருவங்கள் அந்தக் கழகம் சாம்பியன்ஸ் லீக் வாசலையே மிதிக்கவில்லை. அயாக்ஸுக்கு ஆள் போனாலும் பள்ளி மிஞ்சியது. மிலானிடம் பழைய கோப்பைகள்தான் மிஞ்சின. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் தயங்காமல் அயாக்ஸின் வழியையே எடுப்பேன், வியன்னாவில் பிளிண்டும் ரைக்கார்டும் நின்றதுபோல இரண்டு மூத்தவர்களையும் சேர்த்து.

2018இல் அயாக்ஸ் செய்ததும் அதுதான்: 29 வயது டாடிச்சையும், டேனி பிளிண்டின் மகன் டேலியையும் வாங்கிவந்து இளைஞர்கள் நடுவே நிறுத்தியது. மூத்தவரை வாங்கும் கழகத்திடம் நான் கேட்பது ஒன்றே: இவர் பக்கத்தில் ஆடப்போகும் பையன் யார்? பதில் இல்லையென்றால் அந்தப் பணம் வீண்.

மால்டினிக்கு இது தெரிந்திருந்தது. மிலான் பள்ளியில் வளர்ந்து 16 வயதில் முதன்மை அணிக்கு ஆடியவர் அவர். பிற்காலத்தில் அதே கழகத்தின் தொழில்நுட்ப இயக்குநராக அமர்ந்தபோது தோமோரி, தெயோ எர்னாண்டஸ், தொனாலி என்று இளம் வயதினரைத் திரட்டினார். கூடவே ஜிரூவும், திரும்பிவந்த இப்ராகிமோவிச்சும் இருந்தார்கள். 2022 மே 22இல் சசுவோலோவை 3-0 என்று வென்று, பதினோரு ஆண்டுகளுக்குப் பின் மிலான் இத்தாலியப் பட்டத்தைக் கைப்பற்றியது. மூன்று கோல்களுக்கும் பந்தைக் கொடுத்தவர் 22 வயது ரஃபேல் லியாவ். அதில் இரண்டை அடித்தவர் 35 வயது ஜிரூ.