தணிக்கைச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்

முதல் படத்தை முடித்துவிட்டு, வெளியீட்டுத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் இதை ஓர் ஆட்டின் கதையாகப் படித்துக்கொள்ளலாம்.

என் படம் சிறியது. நானும் இரண்டு நண்பர்களும் சேர்த்துப் போட்ட பணம், தேனிப் பக்கம் 31 நாள் படப்பிடிப்பு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இறுதிக் காப்பி தயாரானபோது கையில் மிச்சமிருந்தவை கடனும் களைப்பும்தான். ‘சென்சார் வேலையை யார் பார்ப்பது?’ என்ற பேச்சு எழுந்தபோது, சாலிகிராமத்தில் நாங்கள் டப்பிங் செய்த இடத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தினார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, கையில் தோல் பை, சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். “இருநூறு படங்களுக்கு மேல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் தம்பி. நீங்கள் போஸ்டர் வேலையைப் பாருங்கள், இதை என்னிடம் விட்டுவிடுங்கள்” என்றார். நான்கு பேனா வைத்திருப்பவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் கேட்டார். பாதி ரொக்கம், மீதி அவருடைய உறவினர் ஒருவரின் வங்கிக் கணக்கில். ரசீது கேட்டதற்கு, “இந்த வேலைக்கு யாரும் ரசீது கேட்பதில்லை” என்று சிரித்தார். அரசுக்கு உண்மையில் கட்ட வேண்டிய கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. இணையத்தில் நாமே செலுத்திவிடலாம். என் படத்துக்கு அது அவர் வாங்கியதில் கால் பங்குகூட இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

முதல் நாளே அவருடைய பேச்சில் இரண்டு இடங்களில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். “யு வாங்கித் தருகிறேன், யு இல்லையென்றால் வரிவிலக்கு போய்விடும்” என்றார். தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கு யு சான்றிதழ் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது உண்மைதான். 2011-இல் வந்த நிபந்தனை அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த ஏற்பாடும் போயிற்று. செத்துப்போன விதியைக் காட்டி என்னைப் பயமுறுத்தினார், நானும் பயந்தேன். இன்னொன்று, “அதிகபட்சம் யு/ஏ வரும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னார். 2023-இல் சினிமாட்டோகிராஃப் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வெறும் யு/ஏ என்று ஒன்று கிடையாது. யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் வந்த புதிய சான்றளிப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. அன்றாடம் இந்த வேலையைப் பார்ப்பதாகச் சொல்லும் மனிதருக்கு இது தெரியவில்லை என்றால், அவர் கடைசியாக விண்ணப்பம் போட்டது எந்தக் காலத்தில் என்று கேட்டிருக்க வேண்டும்.

தொலைக்காட்சி உரிமையைச் சொல்லியும் மிரட்டினார். ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது என்பது சரி. ஆனால் யு/ஏ படத்துக்கு அந்தத் தடை இல்லை. யு வேண்டும், யு வேண்டும் என்று நான் தவித்ததற்குக் காரணமே இல்லை.

நான் செய்த பெரிய தவறு பணம் கொடுத்ததல்ல. விண்ணப்பம் இப்போது இ-சினிபிரமான் என்ற இணையதளத்தில்தான் போகிறது. அதில் கணக்குத் தொடங்கும்போது அவர் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய கைப்பேசி எண்ணையும் கொடுத்தார். “ஓடிபி வந்துகொண்டே இருக்கும், உங்களுக்கு எதற்குத் தொந்தரவு?” என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, என் படத்தைப் பற்றி எனக்கு வர வேண்டிய ஒவ்வொரு கடிதமும் அவருடைய பெட்டியில் போய் விழுந்தது.

ஒரு வாரம் கழிந்தது. “கூட்டம் அதிகம்.” பத்து நாள். “அதிகாரி விடுப்பில் இருக்கிறார்.” பதினைந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு அழைத்து, மேலே இருப்பவர்களுக்கு 75,000 கொடுத்தால்தான் தேதி கிடைக்கும் என்றார். நான் தயங்கியதும், 2023 செப்டம்பரில் நடிகர் விஷால் தன் படத்தின் இந்திப் பதிப்புக்கு மும்பையில் ஆறரை லட்சம் கொடுக்க நேர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னாரே, அந்தச் செய்தியை எடுத்து எனக்கே அனுப்பினார். “அவ்வளவு பெரிய நடிகரே கொடுத்திருக்கிறார்” என்று கீழே ஒரு வரி வேறு. அந்தப் புகாரின் பேரில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது என்பதை அவர் சொல்லவில்லை. இடைத்தரகர்களை நம்ப வேண்டாம் என்று தணிக்கை வாரியமே சொல்லிவந்ததும் அவர் அனுப்பிய செய்தியில் இல்லை. ஊழலை எதிர்த்து எழுந்த குரலையே தன் கடைக்கு விளம்பரப் பலகையாக மாட்டிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் வாய் பிளக்கிறது.

பேரம் பேசி 40,000 கொடுத்தேன். எதற்கென்று தெரிந்தே கொடுத்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் ஏதோ அப்பாவி என்று நினைப்பீர்கள். இத்தனைக்கும், அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தால் கூடுதல் கட்டணம் கட்டி முன்னுரிமைத் திரையிடல் கேட்பதற்கு 2024 விதிகளிலேயே வழி இருக்கிறது. ரசீதோடு கிடைப்பதை ரசீது இல்லாமல் வாங்கப் பார்த்தேன்.

இனி ஆட்டுக்கு வருகிறேன். படத்தில் ஒரு பாட்டி ஓர் ஆடு வளர்க்கிறாள். அதன் பெயர் கருப்பி. விலங்குகளை வைத்துக் காட்சி எடுப்பதென்றால் படப்பிடிப்புக்கு முன்பே இந்திய விலங்குகள் நல வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். கால்நடை மருத்துவரின் உடற்தகுதிச் சான்று வேண்டும். எடுத்து முடித்தபின் காட்சிகளைக் காட்டித் தடையில்லாச் சான்று பெற வேண்டும். அது இல்லாமல் தணிக்கை நகராது. யானை, குதிரைக்குத்தான் இதெல்லாம், வீட்டு ஆட்டுக்கு என்ன அனுமதி என்று எங்கள் தயாரிப்பு நிர்வாகி நினைத்துவிட்டார். நானும் ஆமாம் என்றேன். அந்தத் தவறு முழுக்க எங்களுடையது. தரகரிடம் இதைச் சொன்னபோது அவர் பதறவே இல்லை. “35,000 கொடுங்கள், பழைய தேதி போட்டு வாங்கிவிடலாம்.”

இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் கச்சிதம். தலைப்பில் இருந்த முகவரியைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திருவான்மியூர், சென்னை.

நான் வால்மீகி நகரில் ஆறு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன். அந்த வாரியத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் தினமும் பால் வாங்கப் போவேன். 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய வாரியம் அது. 2018-இல் அதன் தலைமையகம் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. பலகையைக் கழற்றிய பிறகு அந்தத் தெருவே கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊரைவிட்டுப் போய் இத்தனை ஆண்டுகளான அலுவலகம் எனக்காகத் திருவான்மியூருக்குத் திரும்பி வந்து சான்று கொடுத்திருக்கிறது!

பழைய கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது புரிந்தது. இணையத்தில் இன்னும் ஏற்றவில்லையே என்று கேட்டேன். “சாயங்காலம் ஏற்றிவிடுகிறேன்” என்றார். வேண்டாம் என்று கத்தினேன். அது ஏறியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர். விண்ணப்பத்தில் இருப்பது என் பெயர், என் கையெழுத்து.

மறுநாள் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் இருக்கும் சாஸ்திரி பவனுக்கு, அங்குள்ள தணிக்கை வாரிய அலுவலகத்துக்கு, நானே போனேன். இத்தனை நாள் அந்தக் கட்டடத்தை ஏதோ கோட்டை போல நினைத்திருந்தேன். விண்ணப்ப எண்ணைச் சொன்னதும் திரையில் பார்த்துவிட்டு, “உங்களிடம் ஆவணம் கேட்டு அனுப்பியிருக்கிறோம், பதிலே வரவில்லையே” என்றார்கள். இரண்டு கேள்விகள்தான்: விலங்குச் சான்று எங்கே, பாடல் வரிகள் எங்கே. விண்ணப்பம் போட்ட நான்காம் நாளே அனுப்பியிருந்தார்கள். அதாவது, ‘கூட்டம் அதிகம்’ என்றபோதும் ‘அதிகாரி விடுப்பு’ என்றபோதும் பந்து என் பக்கம்தான் கிடந்திருக்கிறது. படம் இன்னும் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அப்படியானால் நான் கொடுத்த 40,000 எந்த மேலிடத்துக்குப் போயிருக்கும்? அந்தத் தோல் பையைத் தாண்டியிருக்காது.

பழைய விண்ணப்பத்தை விட்டுவிட்டு, கட்டிய கட்டணத்தையும் விட்டுவிட்டு, எங்கள் நிறுவனத்தின் பெயரில், எங்கள் மின்னஞ்சலில், எங்கள் எண்ணில் புதிதாகத் தொடங்கினோம். சென்சார் ஸ்கிரிப்ட்டுக்கென்று, அதாவது இறுதிக் காப்பியில் இருப்பதை அப்படியே எழுதித் தர வேண்டிய பிரதிக்கென்று, அந்தத் தரகர் தனியாக 12,000 வாங்கியிருந்தார். அதை அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். படப்பிடிப்புக்கு முன் எழுதிய திரைக்கதையையே எழுத்துருவை மாற்றி அச்சடித்திருக்கிறார்! எடிட்டிங்கில் நாங்கள் தூக்கிய காட்சிகள் அதில் இருந்தன. டப்பிங்கில் மாற்றிய வசனங்கள் இல்லை. திரையில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? என் உதவி இயக்குநர்கள் இருவர் இறுதிக் காப்பியை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, நான்கு நாளில் வசனத்தையும் பாடலையும் புதிதாகத் தட்டச்சு செய்தார்கள். இதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டாம். காதும் பொறுமையும் போதும்.

தாத்தா பீடி பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. காட்சி ஓடும் நேரம் முழுவதும் கீழே எச்சரிக்கை வாசகம் வேண்டும். படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எதிர்ப்புக் குறும்படங்கள் 30 விநாடி ஓட வேண்டும். 2012 முதல் எல்லோரும் திரையரங்கில் பார்ப்பதுதான். நம் படத்தில் மட்டும் மறந்துவிடும்.

கருப்பியை என்ன செய்வது? படப்பிடிப்புக்கு முன் அனுமதி வாங்காததற்கு இப்போது நேர்மையான வழி ஏதும் எனக்குத் தெரியவில்லை. வெட்டினோம். 3 நிமிடம் 40 விநாடி. பாட்டி ஆட்டின் காதில் மகனைப் பற்றி முறையிடும் காட்சியும் அதில் போயிற்று. படத்திலேயே எனக்குப் பிடித்த காட்சி அதுதான். பின்னணி இசை நடுவில் அறுந்து தொங்கியதால் இசையமைப்பாளர் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. அவர் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் இல்லை.

குழுவுக்குப் படம் காட்டிய நாளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆய்வுக் குழுவில் நான்கு உறுப்பினர்கள், கூடவே ஓர் ஆய்வு அதிகாரி. யார் பார்க்கப்போகிறார்கள் என்று முன்கூட்டி வெளியே சொல்லமாட்டார்கள். ‘இன்னார்தான் வருவார், எனக்கு வேண்டியவர்’ என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். படம் ஓடும்போது நாம் வெளியே காத்திருக்க வேண்டும். முடிந்ததும் கூப்பிட்டுப் பேசினார்கள். இரண்டு வசைச் சொற்களை ஒலி நீக்கவும், விபத்துக் காட்சியில் ரத்தத்தைக் குறைக்கவும் சொல்லி, யு/ஏ 13+ என்றார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுஆய்வுக் குழுவைக் கேட்டிருக்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம்தான். நடுவில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். எனக்கு வாதாட ஒன்றுமில்லை. மாற்றியதைக் கொண்டுபோய்க் காட்டினோம், சான்றிதழ் வந்தது.

ஆனால் வட்டமிட்ட தேதி ஐந்து வாரத்துக்கு முன்பே போய்விட்டது. அறுபது திரைகளுக்குப் பேசி வைத்திருந்தோம், கிடைத்தவை இருபத்திரண்டு. சுவரொட்டிகளில் பழைய தேதியின் மேல் புதிய தேதியை ஒட்டுவதற்கு மட்டும் எவ்வளவு ஆனது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. வங்கியில் போட்டதற்கு இருக்கிறது, அதுவும் உறவினர் பெயரில். அந்த பிடிஎஃப்பும் வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே இருக்கின்றன, அழிக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். விசாரணை நடக்கிறது என்பதால்தான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. சாலிகிராமம், வடபழனிப் பக்கம் டப்பிங் கூடங்களில் யாராவது ‘இருநூறு படம்’ என்று ஆரம்பித்தால், முதலில் யு/ஏ எத்தனை வகை என்று கேளுங்கள்.

வெளியான அன்று தேனியில் முதல் காட்சிக்குக் கருப்பியின் சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஏழு டிக்கெட், காசு கொடுத்து வாங்கியவை. இடைவேளையில் என்னைத் தேடி வந்து, “தம்பி, எங்கள் ஆடு இரண்டாம் பாதியில்தான் வருகிறதா?” என்று கேட்டார்.