ஜெர்மனிப் படிப்புக்காக 2,36,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம்: பிள்ளைகளை அனுப்ப இருப்பவர்கள் படிக்கவும்

நேற்று மாலை பெரம்பூர்ப் பக்கம் ஒரு மாடியில் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்திலிருந்து நானும் என் மகளும் வெறுங்கையோடு இறங்கி வந்தோம். நாங்கள் அங்கே கட்டிய தொகை 2,36,000 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். புகார் கொடுக்க இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கோபம் ஆறிவிட்டால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நானும் பேசாமல் இருந்துவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. நான் ராஜாஜி சாலையில் ஒரு சுங்க அனுமதி முகவர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். மகள் இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறாள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, ஆறு மாதப் பருவத்துக்குச் (செமஸ்டருக்கு) சில நூறு யூரோ மட்டும் கட்டினால் போதும் என்பதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாணவர் பெயரில் முன்கூட்டியே பணம் போட்டு, அங்கே போன பிறகு மாதாமாதம் எடுக்கும் கணக்கு) காட்ட வேண்டிய ஓராண்டுச் செலவுத் தொகையான 11,904 யூரோவுக்கு வங்கியில் கல்விக்கடன் கேட்பது என்று திட்டம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தில் எந்தப் பிழையும் இல்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

மார்ச் மாதம் முதன்முறை போனபோது எங்களிடம் பேசிய ஆலோசகப் பெண்ணுக்கு என் மகளைவிட நான்கைந்து வயதுதான் அதிகம் இருக்கும். மதிப்பெண் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தார். எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று கேட்டார். முடக்கக் கணக்குக்காக மனைவியின் நகைகளை விற்றுவிடலாமா என்று நான் கேட்டதும், "வேண்டாம் சார், அம்மா நகையில கை வைக்காதீங்க, பேங்க் லோன் கிடைக்கும், நாங்க இருக்கோம்" என்றார். விற்கச் சொல்லாமல் தடுக்கிறாரே, இவர் நம் பக்கத்து மனுஷி என்று அந்த ஒரு வார்த்தையிலேயே நான் கரைந்துவிட்டேன். அரசுப் பல்கலைக்கழகம்தானே என்று இரண்டு முறை கேட்டேன். "கவர்ன்மென்ட்தான் சார், ஃபீஸே கிடையாது" என்று இரண்டு முறையும் சொன்னார். பிறகு நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டினார். நாள் முழுவதும் சரக்கு ஆவணங்களை வரி வரியாகச் சரிபார்ப்பவன் நான். அன்று அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், விசா வேலை எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 36,000, ஆக மொத்தம் 2,36,000 ரூபாய். ஒரு சீட்டைத் தள்ளி எடுத்ததில் ஒன்றரை லட்சம் கிடைத்தது. மீதி 86,000 ரூபாய்க்கு, எந்த நகையில் கை வைக்க வேண்டாம் என்றாரோ அதே நகையை வங்கியில் அடகு வைத்தோம். வரி வாங்கிய ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்பதை நேற்றுதான் பார்த்தேன். உண்மையான செலவு என்ன தெரியுமா? இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகியுள்ள ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ, ஆக ஐந்துக்கு 195 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. தோராயமாக ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து 45,000 ரூபாய்தான் வருகிறது.

ஏப்ரல், மே முழுவதும் "ப்ராசஸ் ஆயிட்டிருக்கு" என்ற ஒரே பதில்தான். விண்ணப்பங்களுக்கான மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அவர்களே வைத்துக்கொண்டு, மகள் கேட்டபோது "பாலிசி இல்லை" என்றார்கள். ஜூனில் அந்த ஆலோசகப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கோப்பு வேறு கிளையில் இருக்கிறது என்றார்கள், ஜெர்மனியில் விடுமுறை என்றார்கள், மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பல பல்கலைக்கழகங்களுக்குக் கடைசி நாளான ஜூலை 15 கடந்து ஒன்பது நாள் கழித்து, இனிப்புப் பெட்டியோடு ஒரு சேர்க்கைக் கடிதத்தைக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் அழுதே விட்டோம். மறுநாள் மகள் அதை முழுதாகப் படித்தபோது, ஆண்டுக் கட்டணம் 11,000 யூரோ என்றும், இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் கண்டிருந்தது. ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களின் பட்டியலான ஹோக்‌ஷூல்கொம்பாஸ் தளத்தில் தேடினாள். அங்கே அந்த நிறுவனத்துக்கு நேரே "தனியார், அரசு அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தது.

நேற்று இதைக் கேட்டதற்கு மேலாளர் எங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அரசுப் பல்கலைக்கழகம் என்று அதில் எங்குமே இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கிறது. ஐந்து விண்ணப்பங்களின் நகலைக் கேட்டேன், ஒன்றுகூடத் தரவில்லை. ஏபிஎஸ் விண்ணப்ப எண்ணைக் கேட்டேன், அதுவும் இல்லை. "அட்மிஷன் வாங்கிக் கொடுத்துட்டோம் சார், போறதும் போகாததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை உள்ளே அழைத்தார். அந்தக் குடும்பத்துத் தாயின் கையில் மஞ்சள் பை இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். காவலாளி எங்களைப் படிவரை கொண்டுவந்து விட்டார்.

விரிவாக வழிகாட்ட இப்போது மனம் ஓடவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழகம் அரசுடையதா, அங்கீகாரம் மட்டும் பெற்றதா என்பதை ஹோக்‌ஷூல்கொம்பாஸ் தளத்தில் நீங்களே பாருங்கள். பாடென்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களும் நம் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகின்றன, அதையும் கணக்கில் வையுங்கள். ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட் இரண்டுக்கும் பிள்ளைகளே விண்ணப்பிக்கலாம். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்க வேண்டாம். முடக்கக் கணக்குப் பணம் பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி வழியாக நேரே போக வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகார் பதிந்தேன். திங்கட்கிழமை சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பெரம்பூர்ப் பக்கம் இப்படி மாடி ஏறிப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீதையும் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். சேர்ந்தே மனு கொடுப்போம்.