திருத்தும் சார், திருப்பிக் கேட்கும் மேடம்

ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 பாடத்தை நான் இரண்டு பேரிடம் படித்தேன். இரண்டும் ஜூமில்தான், இரவு எட்டு மணிக்கு. இரண்டு இடத்திலும் ஒரே தவறைச் செய்தேன்: "இஷ் ஹாபே ஐன் ப்ரூடர்." எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று சொல்ல வந்தேன். 'ஐனென்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

சார் பாதியிலேயே நிறுத்தினார். "ஐனென்! போன வாரம்தானே நடத்தினேன்?" திருத்தம் சரிதான். ஆனால் ஜூமில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் அமுங்கிவிடும். அமுங்கியது என் குரல். மூன்றாவது வாரம் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள். விடை தெரிந்தும் நான் மைக்கைத் தொடவில்லை.

மேடம் முடிக்க விட்டார். அப்புறம் கேட்டார்: "தமிழ்ல இந்த வாக்கியத்துக்கு எழுவாய் யாரு?" தம்பி. "ஜெர்மன்ல 'இருக்கிறான்' இல்ல, 'நான் வைத்திருக்கிறேன்'னு வருது. அப்போ தம்பி என்ன ஆனான்?" செயப்படுபொருள் ஆகிவிட்டான்! தவறின் வேர் என் தமிழில் இருந்தது அப்போதுதான் புரிந்தது. ஆன்லைனில் ஐந்து நொடி மௌனம் என்றாலே நெட் போய்விட்டதோ என்று பதறுவோம். அதனால் "யோசிங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். செயப்படுபொருளாக வரும் ஆண்பால் சொல்லுக்கு முன் 'ஐன்' என்பது 'ஐனென்' ஆகும்; அது என் வாயிலிருந்தே வந்தது. மறுநாள் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: சிரித்த முகத்தோடு சரியான வாக்கியத்தைத் தானே சொல்லிவிட்டு, "சூப்பர்!" என்று நகர்ந்துவிடுவது. யார் மனமும் நோகாது. ஆனால் திருத்தம் நடந்ததே மாணவருக்குத் தெரியாமல் போகலாம். கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பற்றி லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த வழிதான். மாணவர்கள் தங்கள் தவறைத் திருத்திக்கொள்ள அதிகம் உதவாததும் இதுதான்.

எழுத்துப் பயிற்சியில் மட்டும் சாரை விட்டுக்கொடுக்க மாட்டேன். கொய்தே நிறுவனம் நடத்தும் பி1 நிலை ஜெர்மன் தேர்வில், எழுத்து உட்பட ஒவ்வொரு பகுதியிலும் 100க்கு 60 எடுத்தாக வேண்டும். சிவப்பு மையில் நேராகத் திருத்தி, தனியே அனுப்பினால் யாருக்கும் கூச்சமில்லை. அது வேகமாகவும் வேலை செய்யும்.

மேடத்தின் வழிக்கு நேரம் பிடிக்கும். எட்டுப் பேர் இருந்தால் நடக்கும், நாற்பது பேர் இருந்தால் நடக்காது. பணம் கட்டுவதற்கு முன் பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். டெமோ வகுப்பில் யாராவது தவறாகப் பேசும்போது, ஆசிரியர் அடுத்து என்ன சொல்கிறார் என்றும் கவனியுங்கள்.