இன்டர்வியூ பயிற்சிக்குப் பணம் கட்டினேன், பழுது வேறு இடத்தில் இருந்தது

நான்கு மாதமாக வேலை தேடி, ஆறு கம்பெனிகளில் இன்டர்வியூ போய், அதில் மூன்றில் கடைசிச் சுற்று வரை வந்து, "ரெஃபரன்ஸ் கொடுங்கள், இரண்டு நாளில் சொல்கிறோம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மூன்று பேருமே அப்படியே வாயை மூடிக்கொண்ட பிறகுதான் இந்த ஆன்லைன் பயிற்சிச் சேவையில் பணம் கட்டினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி நிறைய இருக்கின்றன, எல்லாமே ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான் வேறு வேறு உறையில் போட்டு விற்கின்றன, அதனால் நான் சொல்வதை நீங்கள் பார்த்து வைத்திருக்கும் சேவையோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவையில் மூன்று பகுதி. ஒன்று, கேமரா முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மதிப்பெண் போடும் செயலி. இரண்டு, நிஜ ஆளோடு நான்கு மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை. மூன்றாவது ரெஃபரன்ஸ் சோதனை, அதாவது நம்மைப் பற்றிச் சொல்ல நாம் பெயர் கொடுக்கும் ஆட்களை அவர்களே கூப்பிட்டு, வேலைக்கு எடுக்கும் இடத்திலிருந்து கேட்பது போலக் கேட்டு, என்ன சொன்னார்கள் என்று நமக்கு அறிக்கை கொடுப்பது. இந்த மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம். முதலில் வேண்டாம் என்று விட்டுவிட்டு, பாதியில் மனசு கேட்காமல் வாங்கினேன்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண் தொடர்பு, புன்னகை, பேச்சு வேகம், குரல் ஏற்ற இறக்கம் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. ஒரு கேள்விக்கு உண்மையாகவே கொஞ்சம் யோசித்து, நடுவில் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்துச் சொன்ன பதிலுக்கு 58 வந்தது. அதே கேள்விக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு, லென்ஸை முறைத்துக்கொண்டு, பொருளே இல்லாமல் எதையோ சொன்னதற்கு 91. சந்தேகம் வந்து, ஒரே பதிலை மேசை விளக்கைப் போட்டு ஒரு தடவையும் அணைத்து ஒரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். விளக்குக்கு ஏழு மதிப்பெண்! வீடியோ இன்டர்வியூ மென்பொருளில் பெரிய பெயரான ஹையர்வியூ நிறுவனமே முகத்தைப் பகுத்துப் பார்க்கும் வேலையை நிறுத்திவிட்டதாக 2021 தொடக்கத்தில் அறிவித்துவிட்டது. ஆள் என்ன பேசுகிறார் என்பதற்கு மேல் முகம் பெரிதாக எதையும் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். இவர்கள் இன்னும் புன்னகைக்குப் பட்டை வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் இரண்டு விஷயம் உதவியது. நான்கு நிமிடத்தில் 23 முறை 'ஆக்சுவலி' சொல்கிறேன் என்று எனக்கு இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அப்புறம், எதிரில் ஆளே இல்லாமல் திரையில் கேள்வி வந்து, முப்பது விநாடி யோசிக்கவும் இரண்டு நிமிடம் பேசவும் நேரம் கொடுக்கும் இன்டர்வியூ இருக்கிறதே, அதற்கு இது நல்ல பழக்கம். அந்த வெறுமைக்கு எதிரில் பேசிப் பழகாதவர்களுக்கு முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். இலவச நாட்களில் நாலு தடவை செய்தால் போதும், சந்தா எல்லாம் வேண்டாம்.

மாக் இன்டர்வியூவில் முதலில் கிடைத்த பயிற்சியாளர் கையில் தாளை வைத்துக்கொண்டு வாசித்தார். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள். எல்லா இடத்திலும் சொல்லித் தரும் ஸ்டார் முறையைத்தான் அவரும் சொல்லித் தந்தார்: சூழல் என்ன, உன் வேலை என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆனது. முறையில் தப்பில்லை, எதைச் சொல்வது என்று தெரியாமல் உளறுகிறவர்களுக்கு அது ஒரு கைப்பிடி. ஆனால் அவரோடு இரண்டு அமர்வு முடிந்தபோது நான் பள்ளியில் செய்யுள் ஒப்புவிக்கிற பையன் மாதிரி ஆகியிருந்தேன், பதிவைப் போட்டுக் கேட்டால் எனக்கே கூச்சமாக இருந்தது. ஆளை மாற்றித் தரச் சொல்லி எழுதினேன். மாற்றித் தந்தார்கள், இந்த ஒரு விஷயத்துக்காக அவர்களைப் பாராட்டலாம்.

இரண்டாவது வந்தவர் பல வருடம் தன் குழுவுக்கு ஆள் எடுத்தவர், எச்ஆர், அதாவது மனிதவளப் பிரிவு, ஆள் இல்லை. அது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. நான் கிடங்கு இருப்புக் கணக்கில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். கணினியில் இருக்கும் எண்ணிக்கைக்கும் அலமாரியில் இருக்கும் சரக்குக்கும் ஒத்துப்போகாமல் இருந்ததை எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு கதை வைத்திருந்தேன், எல்லா இன்டர்வியூவிலும் அதைத்தான் சொல்வேன். அவர் பாதியில் நிறுத்தி, "எட்டு தடவை நாங்கள், நாங்கள் என்று சொல்லிவிட்டீர்கள், அதில் நீங்கள் யார்?" என்று கேட்டார். திரும்பி வரும் சரக்கு இரண்டு இடத்தில் பதிவாகிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, தற்பெருமையாக இருக்குமோ என்ற தயக்கம். "சரி, யார் அதை ஒத்துக்கொள்ளவில்லை? ஒத்துக்கொள்ள வைக்க எத்தனை நாள் ஆனது? முன்னால் எத்தனை பிழை, பின்னால் எத்தனை?" என்று அவர் தோண்டத் தோண்டத்தான் எனக்கே அது ஒரு வேலையாகத் தெரிந்தது.

அதேபோல 'ஏன் பழைய வேலையை விட்டீர்கள்' என்ற கேள்விக்கு நான் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பேசுகிறேன் என்று நேரம் பார்த்துச் சொன்னார். மறுசீரமைப்பு, புது மேலாளர், பிரிவு கலைந்தது, நான் கேட்டேன், அவர்கள் மறுத்தார்கள் என்று ஒரு குடும்பக் கதையே ஓடிக்கொண்டிருந்தது. இருபது விநாடிக்குக் குறைத்தோம்: பிரிவு கலைந்தது, எனக்குக் கொடுத்த மாற்று வேலை என் துறை இல்லை, அதனால் வெளியே வந்தேன். அவ்வளவுதான். கூடுதலாகச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் எதிரில் இருப்பவருக்கு ஒரு புதுச் சந்தேகத்தைக் கொடுக்கிறது என்றார். இந்த இரண்டு அமர்வுக்கு மட்டும் கட்டணம் என்றால் மறுபேச்சில்லாமல் கட்டுவேன்.

இனி ரெஃபரன்ஸ். இந்தச் சேவையின் விளம்பரப் பக்கத்தில் 'வேலை கிடைப்பதைத் தீர்மானிப்பது நேர்காணல் மட்டுமே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், கீழே அதே பக்கத்தில் ரெஃபரன்ஸ் சோதனையையும் விற்கிறார்கள், அது என்ன கணக்கோ. ஆள் எடுக்கும் முறைகளில் எது உண்மையாகவே நல்ல பணியாளரைக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்று என்றால் அச்சொட்டான கணிப்பு, சைபர் என்றால் சும்மா ஊகம் என்ற அளவில், எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீட்டு முறை என்று ஒழுங்காக நடத்தும் இன்டர்வியூவுக்கு 0.51, மனம்போன போக்கில் நடத்துவதற்கு 0.38, ரெஃபரன்ஸ் விசாரிப்புக்கு 0.26. பிறகு 2022-இல் சாக்கெட் என்பவரும் கூட்டாளிகளும் திரும்பக் கணக்குப் போட்டபோது ஒழுங்கான இன்டர்வியூவின் எண்ணே 0.42-க்கு இறங்கியது, ஆனாலும் பட்டியலில் அதுதான் முதலில் நின்றது. ஆக, ரெஃபரன்ஸ் என்பது நல்ல ஆளைக் கண்டுபிடிக்க அவ்வளவாக உதவாத கருவி. ஆனால் கடைசியில் இரண்டு பேர் சமமாக நிற்கும்போது, ஒருவரைப் பற்றிக் கேட்ட இடத்தில் ஒரு தயக்கம் தெரிந்தால், தள்ளுவதற்கு அது தாராளமாகப் போதும். எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

மூன்று பெயர் கொடுத்தேன்: ஐந்து வருடம் எனக்கு மேனேஜராக இருந்தவர், கூட வேலை பார்த்தவர் ஒருவர், ஒரு வாடிக்கையாளர். நாலாவதாகப் பழைய கம்பெனியின் எச்ஆர் எண்ணும் கொடுத்தேன். படிவத்தில் 'தற்போதைய மேலாளர்' என்பதைக் கட்டாயமாக நிரப்பச் சொல்கிறது, இது பெரிய முட்டாள்தனம். நான் வேலையில் இல்லாததால் தப்பித்தேன், வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர் அதில் எண்ணைப் போட்டால் மறுநாளே ஆபீஸில் விஷயம் தெரிந்துவிடும். நிஜக் கம்பெனிகள்கூட அப்படிக் கேட்டால், ஆஃபர் கையில் வந்த பிறகு அவரிடம் பேசலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டி எழுதினேன், மூன்று நாள் கழித்து 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

ஆறாம் நாள் அறிக்கை வந்தது. கூட வேலை பார்த்தவர் வாயாரப் புகழ்ந்திருந்தார், ஆனால் ஒரு உதாரணம்கூடச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் இரண்டு அழைப்பை எடுக்காமல் மூன்றாவதாக மெயிலில் இரண்டு வரி அனுப்பியிருந்தார். எச்ஆர் வேலையில் இருந்த தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்துவிட்டு வேறெதற்கும் பதில் சொல்லவில்லை. அதற்குச் சிவப்பில் 'ஆபத்து' என்று முத்திரை! நிறைய கம்பெனிகளில் விதியே அதுதான், யாரைப் பற்றிக் கேட்டாலும் தேதியும் பதவியும் தவிர எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆள் எடுக்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரியாதவன் இந்தச் சிவப்பைப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

மேனேஜர் பகுதிதான் என்னை உட்கார வைத்தது. பணிக்காலம் சரியா என்றதற்கு 'இருக்கலாம்'. என்ன பொறுப்பு என்றதற்கு 'இருப்புக் கணக்கு என்று நினைக்கிறேன்'. வாய்ப்பு வந்தால் திரும்ப எடுப்பீர்களா என்றதற்கு, நீண்ட இடைவெளி என்று குறிப்பு போட்டு, 'அது அப்போதைய தேவையைப் பொறுத்தது'. ரெஃபரன்ஸ் கேட்கிறவர்கள் அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் மற்றதை எல்லாம் கேட்கிறார்கள். இரண்டு நாள் கோபத்திலேயே போனது. என் திருமணத்துக்கு வந்தவர், நான் கிளம்பிய அன்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

மூன்றாம் நாள் போன் செய்தேன். "யாரோ திடீர்னு கூப்பிட்டாங்கப்பா, எந்தக் கம்பெனி, என்ன வேலைன்னு ஒண்ணும் தெளிவா சொல்லலை, நான் என்னத்தைச் சொல்றது? நீ வேலை தேடுறதே எனக்குத் தெரியாதே" என்றார். உண்மைதான். அவர் குழுவை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது, நடுவில் ஒரு புத்தாண்டு வாழ்த்துகூட அனுப்பவில்லை, ஆனால் போகிற இடமெல்லாம் படிவத்தில் அவர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். இதற்கு முன்பும் இரண்டு பேர் கூப்பிட்டார்களாம். ஒரு தடவை மீட்டிங்கில் இருந்தாராம், "நல்ல பையன்தான்னு சொல்லி வெச்சுட்டேன்" என்றார். நல்ல பையன்தான்! பதினொரு வருட அனுபவத்துக்கு அதுதான் கடைசிச் சுற்றில் கிடைத்த சான்று.

கூப்பிட்டது நான் பணம் கட்டி வைத்த ஆட்கள் என்பதையும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னையே சோதிச்சுப் பாத்தியா?" என்றார், சிரித்துக்கொண்டுதான், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சேவையின் விதிமுறையில் 'நாங்கள் பொய் சொல்வதில்லை, பின்புலச் சரிபார்ப்பு என்று மட்டுமே அறிமுகம் செய்துகொள்வோம்' என்று இருக்கிறது, சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் நமக்காக நேரம் ஒதுக்கும் மனிதரிடம் அப்படி ஆள் அனுப்புவது அசிங்கம். இந்தப் பகுதியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கு அது உதவியது, இருந்தாலும்.

ஏனென்றால் அந்த அறிக்கை சொன்னதைத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும், அதுவும் இன்டர்வியூவுக்கு முன்னாலேயே: சார், இப்படித் தேடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பெயரைக் கொடுக்கலாமா, மனதாரச் சொல்ல முடியுமா. இழுத்தால் பெயரை எடுத்துவிட வேண்டும், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒத்துக்கொண்டால் அரைப் பக்கம் எழுதி அனுப்பலாம். நான் அப்படித்தான் அனுப்பினேன்: எந்தக் கம்பெனி, என்ன வேலை, அதில் அவர்கள் எதைத் தேடுகிறார்கள், நான் அவரிடம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தேன், சேர்ந்து செய்ததில் இரண்டு விஷயம், எந்த வாரத்தில் அழைப்பு வரும். "அந்த ரிட்டர்ன்ஸ் விவகாரம் மறந்தே போச்சுப்பா, நல்ல வேளை எழுதினே" என்று பதில் போட்டார். சேவையில் இதற்கென்று ஒரு கடித மாதிரி தருகிறார்கள், 'ஈடு இணையற்ற அர்ப்பணிப்பு' என்று ஆரம்பிக்கிறது, தூக்கிப் போடுங்கள். நண்பர் ஒருவர், ஆன்லைன் படிவமாக வந்தால் நீயே நிரப்பிவிடு என்று யோசனை சொன்னார். அந்தப் படிவங்களில் சில, நிரப்பியவரின் ஐபி முகவரியும் (இணைய இணைப்பின் அடையாள எண்) விண்ணப்பித்தவரின் ஐபி முகவரியும் ஒன்றாக இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் அந்த வேலையும் வேண்டாம்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் செயலிக்கு ஒன்று, முதல் பயிற்சியாளருக்கு ஒன்றரை, இரண்டாமவருக்கு ஐந்து, ரெஃபரன்ஸ் சோதனைக்குப் போட மனம் வரவில்லை. பணம் கட்டுவதற்கு முன் 'சொந்தக் குழுவுக்கு ஆள் எடுத்த அனுபவம் உள்ளவரைத் தருவீர்களா' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாவது கம்பெனியில் கடைசிச் சுற்று முடிந்து ரெஃபரன்ஸ் கேட்டார்கள். அன்று மாலையே சாருக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "இருபது நிமிஷம் பேசினேன்பா. கடைசில, திரும்ப எடுப்பீங்களான்னு கேட்டாங்க. என்கிட்ட இப்ப எடம் இல்லை, இருந்தா உங்க போனுக்கே இப்படி நல்லவிதமா பதில் சொல்லியிருக்க மாட்டேன்னு சொன்னேன். அதிகமாப் பேசிட்டேனா?"