இலவச சாஃப்ட்வேரைப் போட்டுத்தர ரூ.6,500 கொடுத்து ஏமாந்தேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ரூ.6,500. எதற்குக் கொடுத்தேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய சாஃப்ட்வேரை என் லேப்டாப்பில் போட்டுத் தருவதற்காக. போட்டும் தரவில்லை. இன்று மதியம்தான் முழு விஷயமும் எனக்குப் புரிந்தது. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னை மாதிரி இன்னொருவர் மாட்டக்கூடாது. கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கம்பம். எம்.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி செமஸ்டர். அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார். விடியுமுன் எழுந்து தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் போய்விட்டு, இருட்டும் நேரம் திரும்புவார். அதனால்தான் ப்ராஜெக்டையும் ஏலக்காயிலேயே எடுத்தேன். போட்டோவைப் பார்த்துக் காயைத் தரம் பிரிக்க வேண்டும். 8 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள காய் தனி, 7 முதல் 8 வரை தனி, வெடித்த காய் தனி. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலத்தில் இந்தப் பிரிவை வைத்துத்தான் விலை மாறும். தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கால் கிலோ வாங்கி, வெள்ளைச் சார்ட்டில் ஒவ்வொரு காயாக வைத்து, ஓரத்தில் ஸ்கேலையும் வைத்துப் போட்டோ எடுத்தேன். ராத்திரி அம்மாவும் உட்கார்ந்து எந்தக் காய் எந்தப் பிரிவு என்று சொல்லிக் கொடுத்தார். மெஷின் அளந்து சொல்வதை அவர் விரலால் உருட்டியே சொல்லிவிடுவார்.

எங்கள் சீனியர் ஒருவர் முன்பு இதே மாதிரி இலைநோய் ப்ராஜெக்ட் செய்திருந்தார். அவருடைய புரோகிராம் கோடைத்தான் எடுத்தேன். அது பைத்தான் என்ற புரோகிராம் மொழியில், மெஷினுக்குப் படம் பார்த்துப் பழக்கும் டென்சர்ஃப்ளோ என்ற சாஃப்ட்வேரின் 2.10 பதிப்பை வைத்து எழுதியது. என் லேப்டாப் செகண்ட்ஹேண்ட், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது. பைத்தான் 3.12 போட்டிருந்தேன். பைத்தானுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கித் தரும் பிப்பில் டென்சர்ஃப்ளோ 2.10 என்று கேட்டால், அப்படி ஒரு பதிப்பே கிடைக்கவில்லை என்று சிவப்பில் வந்தது. பெயரில் எழுத்துப்பிழையா, நெட் பிரச்சினையா என்று மூன்று ராத்திரி அலைந்தேன். காரணம் இவ்வளவுதான்: 2.10 வந்தது 2022 செப்டம்பரில், பைத்தான் 3.12 வந்தது 2023 அக்டோபரில். பின்னால் வந்த பைத்தானுக்கு முன்னால் வந்த பதிப்பைக் கட்டி வைக்கவே இல்லை. 2.10-க்குப் பைத்தான் 3.7 முதல் 3.10 வரைதான். இதைச் சொல்ல யாரும் இல்லை. ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், வீட்டிலிருந்தே வேலை செய்து தருபவர்களைப் பிடித்துக்கொடுக்கும் ஒரு ஆப்பில் தேடினேன். பெயர் சொல்லவில்லை. "எந்த இன்ஸ்டாலேஷன் எரரும் 2 மணி நேரத்தில், சரியாகாவிட்டால் பணம் வாபஸ்" என்று ஒருவன் போட்டிருந்தான். ரூ.1,500. ஸ்டார் எல்லாம் நன்றாகவே இருந்தது. பணம் ஆப்பில் நிற்கும், வேலை முடிந்தது என்று நான் அமுக்கினால்தான் அவனுக்குப் போகும். அதனால் தைரியமாகக் கட்டினேன்.

போனில் பேசியதுதான் என்னைக் கவிழ்த்தது. தமிழில்தான் பேசினான், நடுநடுவே மலையாளம் விழுந்தது. "ஊர் கம்பமா? நான் கட்டப்பனைதான் தங்கச்சி" என்றான். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டான். தோட்டத்து வேலை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கம்மாவும் அதே வேலைதான். இந்த மழைக்காலத்துல அட்டைக்கடியோட வீட்டுக்கு வரும்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் அம்மாவின் காலிலும் அந்தத் தழும்புகள் இருக்கின்றன. "ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்படாதே), அண்ணன் பார்த்துக்கறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ரூ.6,500 போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. அவனுக்கு அப்படி ஒரு அம்மா இருக்கிறாரா இல்லையா, இன்றுவரை தெரியாது. இருந்தால் இன்னும் கேவலம்.

ரிமோட் ஆப் ஒன்றைப் போடச் சொன்னான். போட்டதும் என் திரை அவன் கைக்குப் போய்விட்டது. முதல் வேலையாக விண்டோஸின் வைரஸ் காவலை அணைத்தான். "இல்லேன்னா இன்ஸ்டால் ஆகாது" என்றான். கருப்பு விண்டோவில் வரிவரியாக ஓடியது, கடைசியில் வெற்றி என்று வந்தது. நான் நிம்மதியாகிவிட்டேன். அவன் போட்டது 2.10 இல்லை, அன்றைக்கு இருந்த புதிய டென்சர்ஃப்ளோ. விண்டோஸில் நேரடியாக என்விடியா கார்டை வைத்து ஓடும் கடைசிப் பதிப்பு 2.10. அதற்கு மேல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் வைத்தால்தான் கார்டு வேலை செய்யும். ப்ராசஸரை மட்டும் வைத்து ஓட்டினால் என் படங்களுக்கு ராத்திரி பூராவும் ஆகும். இது தெரியாமல் செய்தானா, தெரிந்தேதான் செய்தானா என்று யோசித்துப் பார்த்தேன். அடுத்து நடந்ததைப் பார்த்தால் தெரிந்தேதான்.

கார்டு வேலை செய்யவில்லையே என்று கேட்டேன். "அதுக்கு கூடா (CUDA), கூடிஎன்என் (cuDNN) ரெண்டும் வேணும். லைசென்ஸ் ரூ.3,000. ஆப் வழியா போட்டா கமிஷன் பிடிப்பாங்க, தங்கச்சிகிட்ட எதுக்கு வாங்கணும், நேரா ஜிபே பண்ணிடு" என்றான். இரண்டும் டென்சர்ஃப்ளோ என்விடியா கார்டை வைத்து ஓடத் தேவையான சாஃப்ட்வேர். அந்த டவுன்லோட் பக்கத்தையே திறந்து காட்டினான். உள்ளே போக லாகின் கேட்டது. "பாத்தியா, காசு கட்டினவங்களுக்குத்தான் திறக்கும்" என்றான். கேளுங்கள், அந்த லாகின் இலவசம். இமெயில் கொடுத்துப் பதிந்தால் போதும். கூடாவுக்கும் கூடிஎன்என்னுக்கும் நம்மைப் போன்றவர்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. லாகின் கேட்டதையே ரசீது மாதிரி காட்டி ரூ.3,000 வாங்கிக்கொண்டான்.

பணம் போனதும் எதையோ இறக்கினான். அப்புறம் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலை வைத்து ஓட்டினான். "ஜிபியு ரெடி", அதாவது கார்டு தயார், என்று வந்தது. "ஓகேயா தங்கச்சி? ஆப்ல முடிஞ்சதுன்னு அமுக்கிட்டு அஞ்சு ஸ்டார் போட்டுரு" என்றான். அமுக்கினேன். ஐந்து ஸ்டாரும் நான்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனியரின் கோடை ஓட்டினால் பழைய மாடல் ஃபைலே திறக்கவில்லை. அழைத்தேன். "வெர்ஷன் கம்பாட்டிபிலிட்டி பேக் போடணும், ரூ.2,000" என்றான். அப்படி ஒரு பேக்கே உலகத்தில் கிடையாது. எனக்கு அப்போது தெரியாது. ஏற்கெனவே ரூ.4,500 போட்டாகிவிட்டது, இதையும் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தேன். "காலேஜுக்குக் கட்டணும்" என்றேன். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மொத்தம் ரூ.6,500. அவருக்கு அது கிட்டத்தட்ட அரை மாதக் கூலி.

இந்த முறை பைத்தான் 3.10, டென்சர்ஃப்ளோ 2.10 இரண்டையும் போட்டான். ஆமாம், சரியானதைத்தான் போட்டான்! ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. நம்பை (பைத்தானில் எண் கணக்குக்கான பேக்கேஜ்) என்று ஏதேதோ வந்தது. "இது உங்க லேப்டாப் ப்ராப்ளம், செகண்ட்ஹேண்ட்ல இப்படித்தான் வரும்" என்று லைனை வைத்தான். அதற்கப்புறம் தங்கச்சி என்ற வார்த்தையே இல்லை. "மேடம்" ஆகிவிட்டேன்.

திங்கட்கிழமை: "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க மேடம்." நேற்றுவரை ஒற்றை ஆள், ராத்திரியில் டீம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை: "டிக்கெட் போட்டாச்சு, 48 மணி நேரம்." சாயங்காலம் நான் அழுதுகொண்டே வாய்ஸ் அனுப்பினேன். கேட்டதற்கான நீல மைக் வந்தது, பதில் வரவில்லை. புதன்கிழமை காலையில் டிபியே காணவில்லை. பிளாக் செய்துவிட்டான்.

அந்த ஆப்பின் கஸ்டமர் கேரில் எழுதினேன். "உங்கள் ஆர்டர் உங்களாலேயே நிறைவு செய்யப்பட்டுள்ளது" என்று முதல் பதில். மீதி ரூ.5,000-ஐக் கேட்டால், "எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அடுத்த பதில். மறுபடி எழுதினால் அதே வரி, எழுத்து மாறாமல். ஸ்க்ரீன்ஷாட் பன்னிரண்டு அனுப்பினேன். ஒன்றையாவது திறந்து பார்த்தார்களா என்பது சந்தேகம். உங்கள் ஆப்பில் உட்கார்ந்துகொண்டுதானே அவன் என்னைப் பிடித்தான்? அவனுக்கு நான் போட்ட ஐந்து ஸ்டாரை எடுக்கக்கூட முடியாதாம், 24 மணி நேரம் தாண்டிவிட்டதாம்.

இன்று காலையில் வேறு வழியில்லாமல் காலேஜ் லேப் அண்ணனிடம் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் தெரியவில்லையா என்று கேட்டுவிடுவாரோ என்று வெட்கம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்க்டாப்பில் இருந்த அந்த "ஜிபியு ரெடி" ஃபைலை நோட்பேடில் திறந்தார். திறந்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். உள்ளே ஒரே ஒரு வரி. பிரிண்ட், அடைப்புக்குறி, மேற்கோள் குறி, ஜிபியு ரெடி. அவ்வளவுதான். கார்டைப் பார்க்கும் வேலையே அதில் இல்லை. அந்த எழுத்தைக் காட்டச் சொன்னால் கால்குலேட்டர்கூடக் காட்டும். நான் எம்.எஸ்சி படிக்கிறேன். முதல் வருஷத்தில் முதல் நாள் சொல்லித்தந்த வரி அது. அதைக் காட்டித்தான் என்னை முடிந்தது என்று அமுக்க வைத்தான்.

அப்புறம் அந்தச் சிவப்பு எழுத்தை மேலே தள்ளி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கச் சொன்னார். நம்பை 1-ஐ வைத்துக் கட்டிய மாட்யூல் நம்பை 2-ல் ஓடாது என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே, நம்பையை 2-க்குக் கீழே இறக்கு, இல்லாவிட்டால் அந்த மாட்யூலைப் புதுப்பி என்று வழியையும் அதுவே சொல்லியிருந்தது. நம்பை 2 வந்தது 2024 ஜூனில். டென்சர்ஃப்ளோ 2.10 கட்டப்பட்டபோது அப்படி ஒன்று வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? அது 1.20-க்கு மேல் எது இருந்தாலும் சரி என்றுதான் எழுதி வைத்திருக்கிறது, மேல் எல்லை போடவில்லை. பிப் பாவம், இருப்பதிலேயே புதியதை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. விடை நாலு நாளாக என் திரையிலேயே இருந்தது. சிவப்பைப் பார்த்ததும் பயந்து, படிக்காமலே அவனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவன் போட்டதையெல்லாம் அண்ணன் துடைத்தார். பைத்தான் 3.10.11 போட்டார். 3.10-ல் விண்டோஸுக்கு நேரடி இன்ஸ்டாலர் வந்த கடைசிப் பதிப்பு அதுதான். ப்ராஜெக்டுக்கு மட்டும் வென்வ் ஒன்று தனியாக உருவாக்கினார், அதற்குள் போடுவது வெளியில் உள்ள எதையும் தொடாது. அதில் டென்சர்ஃப்ளோ 2.10, 2-க்குக் கீழுள்ள நம்பை. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவியிலும் பழைய பதிப்பு ஒன்றைப் போட வேண்டியிருந்தது. கூடா 11.2, கூடிஎன்என் 8.1. என் இமெயிலைக் கொடுத்து இலவச லாகின் எடுத்தோம், ரூ.3,000-க்கு அவன் விற்ற அதே லாகின். கார்டு இருக்கிறதா என்று நிஜமாகவே கேட்கும் கட்டளையைக் கொடுத்தார், ஒரு கார்டு என்று வந்தது. டவுன்லோட் நேரத்தைத் தள்ளினால் முக்கால் மணி நேர வேலை. டீ வாங்கிக்கொடுக்கக்கூட விடவில்லை.

சைபர் க்ரைம் உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நாலு நாள் தள்ளி அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமையே அழைத்திருக்க வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதாகச் சொன்னேன். நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே ஜிபே செய் என்று எவன் சொன்னாலும், அவன் அண்ணனோ மாமனோ, அங்கேயே வைத்துவிடுங்கள். பைத்தான், டென்சர்ஃப்ளோ, கூடா எதற்கும் லைசென்ஸ் காசு என்று கேட்டால் பொய். உங்கள் கோடை நீங்களே ஓட்டிப் பார்க்காமல் "முடிந்தது" அமுக்காதீர்கள், அவன் கொண்டுவரும் ஃபைலை ஓட்டிக் காட்டினால் திறந்து பாருங்கள். யார் கோடை வாங்கினாலும் எந்தப் பைத்தான் என்று கேட்டு, எந்தெந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்று காட்டும் பிப் ஃப்ரீஸ் லிஸ்டையும் சேர்த்து வாங்குங்கள். ரிமோட் ஆப்பை உடனே நீக்கி, வைரஸ் காவலை ஆன் செய்து, பாஸ்வேர்டு மாற்றுங்கள். பணம் போன உடனே 1930.

அம்மாவிடம் இன்று ராத்திரிதான் சொன்னேன். திட்டவில்லை. "அவங்கம்மாவும் தோட்டத்துக்குத்தான் போகுதுன்னு சொன்னானா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

திங்கட்கிழமை ரிவ்யூ. இன்னும் ஒரு படத்தைக்கூட ஓட்டவில்லை, இப்போதுதான் ஆரம்பிக்கப் போகிறேன். ரூ.6,500-ல் ஏதாவது திரும்பி வந்தால் இதற்குக் கீழேயே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.