மலைப்பாதையில் கனமான ட்ரெய்லர்: டீசல் பிக்கப்பா, பெட்ரோல் பிக்கப்பா?

ஐந்து டன்னுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை மலையில் இழுக்க நினைப்பவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: டர்போ இல்லாத ஆறேழு லிட்டர் பெட்ரோல் வி8 வாங்குவதா, ஏறக்குறைய அதே அளவு டர்போ டீசல் வாங்குவதா? நான் எடுத்தது டீசல். எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள்; என்னை முடிவெடுக்க வைத்தது இறக்கம்.

ஏற்றத்தின் கணக்கு எளிது. வண்டி 3.5 டன், ட்ரெய்லர் 5.5 டன், மொத்தம் 9 டன். 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 90 கி.மீ. வேகம் காக்க, காற்றையும் டயர் உராய்வையும் சேர்த்து 300 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். 400 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் தாழ்நிலத்தில் இதைச் சமாளிக்கும். ஆனால் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி குறையும். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கம் இருக்கும் 3,400 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போயே போய்விடும். மெலிந்த காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். பெட்ரோல் 4,500 ஆர்பிஎம்மில் அலறியபடி 60, 70 கி.மீ. வேகத்தில் ஏறும். சத்தம் பயமுறுத்துமே தவிர, கூலன்ட் சரியாக இருந்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. லாரிகளோடு ஓரத் தடத்தில் போகும் பொறுமை இருந்தால் போதும்.

இழுவைத் திறன் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த எண்ணுக்கு அடிப்படையான, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 சோதனை அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தை வைத்து வகுக்கப்பட்டது: சுமார் 18 கி.மீ., 38 டிகிரி வெயில், ஏசி முழு அளவில். வெப்பத்துக்குக் கடுமையான பரீட்சைதான். ஆனால் அந்தச் சாலையின் உச்சி சுமார் 1,100 மீட்டர்தான். உயர மலைகளின் மெல்லிய காற்று அதில் வராது.

இனி இறக்கம். அதே 9 டன், அதே 7 சதவீதம், 60 கி.மீ. வேகம். காற்றும் உராய்வும் தின்றது போக 65 கிலோவாட்டுக்கு மேல் யாராவது விழுங்க வேண்டும். 15 கி.மீ. இறக்கம் என்றால் கால் மணி நேரம் விடாமல். பிரேக் மட்டும் அதைச் சுமந்தால் பேட் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய டாட் 3 ரக பிரேக் திரவம் 140 டிகிரியை ஒட்டியே கொதித்து, மிதி தரையைத் தொடும்.

டீசலில், இன்ஜினுக்குள் போகும் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லாததால், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் தானாகத் தரும் பிடிமானம் சொற்பம். எக்ஸாஸ்ட் பிரேக் வந்தால் கதை மாறும்: டர்போவின் இதழ்கள் மூடி, புகைக்குழாயில் எதிரழுத்தம் ஏறி, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் இன்ஜினின் பிடிமானம் பெரும்பாலும் இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடத்தால் வருவது. வெளிக்காற்றின் அழுத்தமே குறைந்த உயரத்தில் அதுவும் குறையும். கீழ் கியரில் 4,500-க்கு மேல் வைத்தும் அடிக்கடி பிரேக் தேவைப்படும்.

எதுவானாலும் உச்சியைத் தாண்டும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பாரம் இழுப்பதற்கேற்ப கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் டோ/ஹால் மோடை இயக்கிவிடுங்கள். டீசலில் ஆர்பிஎம் 2,500-க்குக் கீழே விழுந்தால் எக்ஸாஸ்ட் பிரேக் சோம்பிவிடும். வேகம் மீறினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து 10 கி.மீ. குறைத்துவிட்டு, முழுதும் விடுங்கள். மெல்ல மிதித்தபடியே இறங்குவதுதான் பேடை எரிக்கும். இன்னொன்று, எக்ஸாஸ்ட் பிரேக் இயங்கும்போது ட்ரெய்லர் பிரேக் இயங்காது, பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும். ஈரம், பனி உள்ள வளைவில் பின்சக்கரம் வழுக்கி வண்டி மடங்கக்கூடும். அங்கே அதை அணைத்துவிட்டு, வேகத்தை இன்னும் குறைத்து, ட்ரெய்லர் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரி.

டீசலின் கணக்கில் பற்றும் உண்டு. விலை அதிகம், ஆயில் அதிகம், எரிபொருள் ஃபில்டர், புகையைச் சுத்திகரிக்கும் டெஃப் என்ற யூரியாத் திரவம், புகைவடிகட்டி எல்லாம் கூடுதல். குறுகிய தூரமே ஓட்டினால் வடிகட்டி கரியால் அடைபடும். பாரத்தோடு நீண்ட ஓட்டம்தான் அதற்கு மருந்து. உயரழுத்த பம்ப் உடைந்து உலோகத்தூள் பரவினால் இன்ஜெக்டர் வரை மாற்ற வேண்டிவரும். இன்ஜினின் கூடுதல் எடை வண்டியின் சுமைத்திறனைத் தின்னும்: 5.5 டன் ட்ரெய்லர் வண்டியின் கொக்கியில் இறக்கும் முன்பாரமே 550 முதல் 825 கிலோ. கதவுச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை எண்ணிலிருந்து இதையும் ஆட்களையும் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் டீசலுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

சின்ன டர்போ பெட்ரோல் வி6 உயரத்தில் பெரிதாகச் சக்தி இழக்காது. ஆனால் சின்ன இன்ஜினின் பிடிமானமும் குறைவு என்பதால், இந்த எடையோடு நீண்ட இறக்கத்துக்கு அதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் மலை, மற்ற நாளெல்லாம் ஊருக்குள் வெறும் வண்டி என்பவருக்கு பெரிய பெட்ரோல் வி8-யே பொருந்தும். மிச்சமாகும் பணத்தில் ட்ரெய்லருக்கு டிஸ்க் பிரேக் போட்டுக்கொள்ளலாம்.